துணைச்சரக்கின் வல்லமை

சித்த மருத்துவத்தில் தனியாக உள்ளே போகும் மருந்து அரிது. சூரணத்தைத் தேனில் குழைப்பார்கள். செந்தூரத்தை நெய்யிலோ வெற்றிலைச் சாற்றிலோ கலந்து கொடுப்பார்கள். சிலவற்றுக்குப் பால், சிலவற்றுக்கு வெந்நீர், சிலவற்றுக்குப் பனைவெல்லம். கூடவே போகும் இந்தப் பொருளுக்கு அனுபானம் என்று பெயர். மருந்துக்குள்ளும் இப்படிக் கூடவந்தவை உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகு இருமல் மருந்தில் இருக்கும், வயிற்றுப் பொருமலுக்கான சூரணத்தில் இருக்கும், காய்ச்சல் குடிநீரில் முழுதாகவோ பாதியாகவோ இருக்கும். தமிழக அரசு டெங்குக் காலத்தில் வழங்கிய நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் சுக்கும் மிளகும் உண்டு. 2020-ல் தெருத்தெருவாகக் காய்ச்சி ஊற்றிய கபசுரக் குடிநீரின் பதினைந்தில் சுக்கும் திப்பிலியும் உண்டு. ஒரே சரக்கு இத்தனை நோய்க்கும் மருந்தாக இருக்க முடியாது. அப்படியானால் அது அங்கே என்ன வேலை பார்க்கிறது?

கேள்வி மருந்தியலுக்கு உரியதுபோல் தெரிந்தாலும் அதன் அடியில் இருப்பது தத்துவச் சிக்கல். பல பொருள்கள் சேரும்போது ஒரு வல்லமை தோன்றுகிறது. அது அந்தப் பொருள்களில் முன்பே இருந்ததா, சேர்ந்த பிறகு புதிதாகப் பிறந்ததா? அல்லது இரண்டும் இல்லாமல், இருந்த ஒன்றுக்கு வழி மட்டும் கிடைத்ததா? மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் எந்த மரபும், சீனமாக இருந்தாலும் தமிழாக இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கிறது.

சேர்க்கையைப் பற்றித் தமிழ் மிகப் பழங்காலம் தொட்டே யோசித்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நீதிநூல்கள் மருந்துக் கூட்டுகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றன: நல்லாதனாரின் திரிகடுகம், காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி. ஒவ்வொரு வெண்பாவிலும் மூன்று, ஐந்து, ஆறு எனக் கருத்துகளைக் கூட்டிக் கொடுப்பது இந்த நூல்களின் அமைப்பு. இவற்றில் ஏலாதியின் அளவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்தம் 21 பங்கு. அதில் திரிகடுகு மட்டும் 15. பெயரை வாங்கிக்கொண்ட ஏலம் வெறும் ஒரு பங்கு. துணையென்று கருதப்படுவது அளவில் முதன்மையாகவும், முதன்மையின் பெயர் பெற்றது அளவில் கடைசியாகவும் இருப்பதைப் பழைய வைத்தியர்கள் முரணாக நினைக்கவில்லை. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருந்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். பொருளாகிய மருந்து நான்கில் ஒன்றுதான்.

‘புதிதாகப் பிறக்கிறது’ என்ற கட்சியின் குரல் மணிமேகலையில் கேட்கிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் கடைசியில் வருபவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லத்தையும் கூட்டி ஊறவைத்தால் அவற்றில் இல்லாத வெறி எப்படிக் கள்ளில் பிறக்கிறதோ, அப்படியே பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, தனியாக உயிர் என்று ஒன்று இல்லை என்பது அவன் வாதம். காட்சி ஒன்றே அளவை என்கிற அவனிடம், உன் தாய் தந்தையரை எந்த அளவையால் அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். கேள்வி கூர்மையானது, ஆனால் கள்ளின் உவமைக்கு அது பதில் அல்ல. பூதவாதியை எதிர்த்து நீலகேசி ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் அதே கட்சியைச் சேர்ந்த உலகாயதனிடமிருந்தே தன் மறுப்பைத் தொடங்குகிறது. சேர்க்கையில் புதியது பிறக்கும் என்ற ஒரு கருத்தை இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டு மறுக்க வேண்டியிருந்தது என்றால், அது எளிதில் தள்ளக்கூடியதாக இல்லை என்றே பொருள்.

உலகாயதர் பெயரில் இன்னொரு உவமையும் வழங்கி வந்தது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. எதிலும் சிவப்பு இல்லை. மென்றால் வாய் சிவக்கிறது. ஆயுர்வேத உரைகாரர்கள் மஞ்சளையும் சுண்ணாம்பையும் காட்டினார்கள். சுப நிகழ்ச்சிகளில் ஆலம் சுற்றும் தட்டில் அதே செய்முறை இன்றும் நடக்கிறது. மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்ததும் ரத்தச் சிவப்பு. சரக சம்ஹிதை விமானத்தானத்தின் முதல் இயலில் சேர்க்கைகளை இரண்டாகப் பிரிக்கிறது. உறுப்புகளின் இயல்பை வைத்தே கூட்டின் இயல்பை ஊகிக்கக்கூடியவை ஒரு வகை. அப்படி ஊகிக்க முடியாத, இயல்பு மாறிப்போன சேர்க்கைகள் மற்றொரு வகை. இரண்டாவதற்குத்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் சான்று.

இந்த மூன்று உவமைகளையும் இன்றைய வேதியியல் கையில் எடுத்தால் அவை ஒரே கட்சியில் நிற்பதில்லை. கள்ளில் பிறப்பது உண்மையிலேயே புதிய பொருள். பூவோடு வரும் ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று எரிசாராயமாக்குகிறது. அதைத் திரும்ப வெல்லமாக்க முடியாது. வெற்றிலைச் சிவப்பும் அப்படியே, பாக்கிலுள்ள பாலிபீனால்கள் சுண்ணாம்பின் காரத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து நிரந்தரமாக மாறிவிடுகின்றன. ஆலத்தட்டின் கதை வேறு. சிவந்த நீரில் உடனே எலுமிச்சையைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் மூலக்கூறு காரத்தில் ஒரு புரோட்டானை இழந்து சிவப்பாகவும், அமிலத்தில் அதைத் திரும்பப் பெற்று மஞ்சளாகவும் நிற்கிறது. அங்கே புதிய பொருள் எதுவும் பிறக்கவில்லை. இருந்த ஒன்று சூழலுக்கேற்ப முகம் காட்டியது. பூதவாதிக்குக் கள் உதவும், ஆலம் உதவாது. எல்லாச் சேர்க்கையையும் ஒரே வாய்பாட்டில் அடைக்க நினைத்ததே இரு தரப்பின் பிழை.

வெற்றிலைச் செல்லத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது, உலகாயதர் கவனித்ததாகத் தெரியாத வேலை. பாக்கின் அரிகோலின் அமிலச் சூழலில் மின்னேற்றம் கொண்ட உப்பாக இருக்கும். கன்னத்தின் உட்தோலை அது எளிதில் கடக்காது. சுண்ணாம்பு காரத்தை ஏற்றியதும் மின்னேற்றம் போய்த் தோலை ஊடுருவுகிறது, தலை கிறுகிறுக்கிறது. சுண்ணாம்புக்குத் தனியாக அந்தக் கிறுகிறுப்பு கிடையாது. பாக்கில் இருந்ததற்கு அது வழி திறந்தது, அவ்வளவுதான்.

‘வழி திறப்பது’ என்ற இந்த மூன்றாவது நிலையை இந்தியத் தருக்கம் ஏற்கெனவே தனியாக விவாதித்திருக்கிறது. மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் நடந்த புகழ்பெற்ற வழக்கு அது. தீ சுடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணியோ மந்திரமோ மூலிகையோ அருகில் இருந்தால் சுடாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். ஏன் சுடவில்லை? தீக்குச் சக்தி என்ற தனிப்பொருள் உண்டு, மணி அதை அழித்துவிடுகிறது என்றார் மீமாம்சகர். சக்தி என்று ஒன்றைத் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை, தடை இல்லாமையும் ஒரு காரணமே, தடை வந்ததால் காரணக்கூட்டம் நிறையவில்லை என்றார் நையாயிகர். தடைமணியோடு இன்னொரு மணியையும் வைத்தால் தீ மறுபடி சுடுமே என்று அடுத்த கேள்வி வந்தபோது, தடையின் தடையாகிய அதற்கு உத்தேஜகம் என்று பெயரிட்டார்கள். உத்தேஜகம் தான் சுடுவதில்லை. சுடுவதைத் தடுப்பதைத் தடுக்கிறது. சைவ சித்தாந்தம் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று பிரித்ததில் இது துணைக்காரணத்தின் இடத்தில் வரும். ஆனால் நையாயிகரின் வரையறை இன்னும் நுட்பமானது. திரிகடுகு மருந்தில் என்ன செய்கிறது என்று கேட்டால், இந்த வரையறையைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

வாய்வழி போகும் மருந்துக்கு உடலில் தடைகள் பல. முதலில் அது குடல்நீரில் கரைய வேண்டும். பிறகு குடற்சுவரின் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததைப் பி-கிளைக்கோபுரதம் என்ற எக்கி பிடித்துத் திரும்பக் குடலுக்குள் தள்ளிவிடும். தப்பியதைச் சைட்டோகுரோம் நொதிகள் சிதைக்கும். அதற்கும் தப்பினால் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தை மாட்டி வெளியேற்றும். அயல்பொருளை நஞ்சென்றே கருதிக் கட்டப்பட்ட காவல் இது. மருந்து, விஷம் என்று அது பேதம் பார்ப்பதில்லை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் இந்தக் காவலில் பல இடங்களைத் தளர்த்துகிறது. எக்கியின் வேலையும் குறைகிறது, சிதைக்கும் நொதியின் வேலையும் குறைகிறது, குளுக்குரோனிக் அமிலம் மாட்டுவதும் மந்தமாகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் முதலில் பிடித்தவர்கள் ஜம்முவின் மண்டல ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த சி. கே. அடலும் அவருடைய குழுவினரும். ஆடாதோடையோடு திப்பிலியைச் சேர்த்தால் ஆஸ்துமாவுக்குக் கூடுதல் பலன் என்ற பழைய குறிப்பே அவர்களுக்குத் துப்பு. ஆடாதோடையின் வாசிசினைத் திப்பிலியோடு கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு 233 சதவீத அளவுக்குக் கூடியதாக 1981-ல் எழுதினார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் சளிக்கு ஆடாதோடை இலையும் திப்பிலியும் தேனும் சேர்த்துக் காய்ச்சுவது எந்த ஆய்வுக்கும் முந்திய வழக்கம். அடுத்த பெரிய சோதனை 1998-ல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இரண்டு கிராம் குர்குமினைத் தனியாக உண்டவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்பதே தெரியவில்லை. 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்ததும் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் ஏறியது.

இந்த 2000 சதவீதம் இன்று ஒவ்வொரு மஞ்சள் மாத்திரைப் புட்டியிலும் அச்சாகிறது. அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கு அருகிலிருந்து இருபது மடங்கு ஏறினாலும் அது கொஞ்சம்தான். ரத்தத்தில் ஏறியது என்பதும் நோய் தீர்ந்தது என்பதும் வேறுவேறு. கதவு திறந்ததை வைத்து உள்ளே வந்தவர் வேலைக்காரர் என்று முடிவுகட்ட முடியாது. குர்குமினின் மருத்துவப் பயனைக் கறாரான சோதனைகள் நிறுவவில்லை என்று 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதற்கு மாறாக, ஏற்கெனவே வேலை செய்வது உறுதியான ஒரு மருந்துக்குப் பைப்பரினைத் துணையாக்கிய முயற்சி சிக்கனத்தில் முடிந்தது. காசநோய்க்கு 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்த மாத்திரை ஜம்மு நிறுவனமும் காடிலா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான். அங்கே திரிகடுகு இல்லை. திரிகடுகிலிருந்து உருவி எடுத்த ஒற்றை மூலக்கூறு இருக்கிறது. கூட்டின் பெருமையை நிரூபிக்கப் போனவர்கள் கூட்டைக் கலைத்துத்தான் நிரூபிக்க முடிந்தது.

முன்னோர்கள் இதையெல்லாம் அறிந்துதான் செய்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. திரிகடுகு பசித்தீயைத் தூண்டுகிறது, அதனால் மருந்து செரிக்கிறது என்பதே அவர்களின் விளக்கம். எலிகளிலும் சுண்டெலிகளிலும் நடந்த சோதனையில் பைப்பரின் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தியது, தூண்டவில்லை, தாழ்த்தியது. அவர்கள் பார்த்தது சரி, சொன்ன காரணம் வேறு. சுவை, குணம், வீரியம், பிரிவு என்ற நான்கினாலும் விளங்காத செயலைச் சித்த நூல்கள் மகிமை என்று ஐந்தாவது தலைப்பில் வைத்தன. இதுவரை விளங்கவில்லை என்று எல்லைக்கல் நடும்போது அது நேர்மையான சொல். கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க எடுக்கும்போது அதே சொல் கேடயமாகிவிடுகிறது.

சீன மருத்துவம் கூட்டின் உறுப்புகளுக்கு அரசவைப் பதவிகளே கொடுத்திருக்கிறது: அரசன், அமைச்சன், உதவியாள், தூதன். தூதனாக அடிக்கடி வருவது அதிமதுரம். அதன் கிளிசரைசின் நீரில் சோப்பைப்போல நுண்துளிகளை உண்டாக்கி, கரையாத பொருள்களைக் கரைத்துக் குடலுக்குள் அனுப்புகிறது. ஆனால் நாபிக்கிழங்கு, உலர்ந்த இஞ்சி, அதிமதுரம் மூன்றும் சேர்ந்த பழைய சீனக் கசாயத்தில் அதே அதிமதுரம் எதிர்வேலை பார்க்கிறது. நாபியின் கொடிய நஞ்சான அகோனிட்டினோடு பிணைந்து, அது உடலில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. நீண்ட நேரம் கொதிப்பதும் நஞ்சைச் சிதைத்து வீரியம் குறைந்த பொருளாக்குகிறது. நாபியைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்ற சித்த மருத்துவ விதியும் இதே அச்சத்தில் பிறந்தது. அதிமதுரத்தை வேறு நான்கு சரக்குகளோடு சேர்க்கவே கூடாது என்று சீனரின் பதினெட்டுப் பகைப் பட்டியல் சொல்கிறது. தூதனுக்கு நிலையான குணம் இல்லை. யாரோடு போகிறான் என்பதே அவன் குணம்.

மருந்துக்கு உண்மையான இந்தக் கணக்கு சோற்றுக்கும் உண்மை. தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மதிய உணவில் அதைப் பார்க்கலாம். மானாவாரி நிலம் மிகுந்த இந்த மாவட்டத்தில் கேழ்வரகுக் களி இன்றும் அன்றாடச் சாப்பாடு. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு, இரும்பும் உண்டு. ஆனால் அதன் தோலிலுள்ள டானினும் ஃபைட்டேட்டும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தட்டில் இருப்பது ரத்தத்துக்கு வராது. முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட் குறைகிறது. நெல்லிக்காய் ஒன்றைக் கூடவைத்தால் அதன் வைட்டமின் சி இரும்பை உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தடையைத் தாண்டவைக்கிறது. உத்தேஜகத்துக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இதே தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்ததாகப் புறநானூறு போற்றும் கனியும் நெல்லிதான். அந்தக் கனி தனியாகவே ஆயுளை நீட்டும் என்பது அந்தக் கதையின் நம்பிக்கை. களிக்குத் துணையாக அது செய்யும் வேலை யாரும் பாடாதது.

அதே மாவட்டத்தில் சேர்க்கையின் இன்னொரு முகமும் தெரிகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு பல தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். வெறும் வயிற்றில் ஃபுளோரைடு ஏறத்தாழ முழுவதுமாக உடலில் ஏறிவிடும். சுண்ணாம்புச்சத்துள்ள உணவோடு போனால் கரையாத கால்சியம் ஃபுளோரைடாகிக் கொஞ்சம் கழிந்துவிடும். புளி வேறு வழியில் வேலை செய்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்குப் பத்து கிராம் புளி பதினெட்டு நாள் கொடுத்தபோது சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதை 2002-ல் பதிவு செய்தார்கள். புளியமரம் நிறைந்த மாவட்டத்துக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் களியும் புளிக்குழம்பும் நஞ்சைத் தடுத்துவிடும் என்று நினைத்துக் கிணற்று நீரையே குடித்தால் எலும்பு வளையும். துணை, துணையாக இருக்கும்வரைதான் துணை. நல்ல நீருக்கு மாற்று நல்ல நீரே.

தடுக்கும் சேர்க்கைகளை விலக்கும் முறையைப் பத்தியம் என்ற பெயரில் சித்த மருத்துவம் பெரிய அளவில் பேணியிருக்கிறது. சரக்குகளை நட்பு, பகை என்று பிரித்ததும் அதே கவலையால்தான். புளி நீக்கு, நல்லெண்ணெய் நீக்கு என்று சொல்வார்கள். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது கிராமத்தில் குழந்தைக்கும் தெரியும். முறிப்பது என்றால் என்ன என்ற இடத்தில் மீமாம்சகரும் நையாயிகரும் மறுபடி வந்து நிற்கிறார்கள். அகத்திக்கீரையில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மாத்திரைகள் சுண்ணாம்புச்சத்தோடு பிணைந்து குடலைக் கடக்காமல் மலத்தோடு போய்விடும். மருந்தின் சக்தி அழியவில்லை, சென்று சேரவில்லை. நையாயிகர் பக்கம் தீர்ப்பு. நாபியைக் கொதிக்கவைக்கும்போது மூலக்கூறே உடைகிறது, அங்கே அழிவுதான். அகத்தி பற்றிய நாட்டுவிதி இந்த வேதியியலை நினைத்துப் பிறந்தது என்று நேர்க்கோடு இழுக்க வேண்டியதில்லை. பத்தியத்தின் எல்லா விதிக்கும் வேதியியல் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். வேளை பிரித்துக் கொடுக்கும் மரபு, காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்பது, சேர்க்காமல் இருப்பதும் ஒரு மருந்துமுறை என்று காட்டுகிறது.

இங்கேதான் இன்றைய மூலிகை வணிகத்தின் முரண் வெளிப்படுகிறது. கூட்டு மருந்து தனி மருந்தைவிட வலியது என்கிறது விளம்பரம். அடுத்த வரியில், மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. துணைச்சரக்குக்கு வல்லமை உண்டு என்றால் அது எந்தப் பொருளுக்கும் துணைபோகும். நோயாளி காலையில் விழுங்கிய ஆங்கில மருந்துக்கும் சேர்த்து. ஜம்மு ஆய்வாளர்களே 1991-ல் இதைக் காட்டினார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் ஏழு நாள் எடுத்த ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் ரத்த அழுத்த மருந்தான புரொப்ரனலாலும் ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினும் வழக்கத்தைவிட அதிகம் ஏறின. வலிப்புக்கான ஃபெனிட்டாயினிலும் இதே போக்கைப் பார்த்தார்கள். தியோஃபிலினிலும் ஃபெனிட்டாயினிலும் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஏறக்குறைய எட்டுப் பத்து மிளகில் இருக்கும் அளவு. ரசத்தில் தட்டிப் போட்ட மிளகு நாலைந்து பேருக்குப் பிரிந்துவிடும். தினமும் விழுங்கும் சூரணமும் பைப்பரின் சேர்த்த மாத்திரையும் அப்படிப் பிரிவதில்லை.

திசை மாறினாலும் ஆபத்துதான். மனச்சோர்வுக்கு ஐரோப்பியர் எடுக்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை காவலைத் தளர்த்தாமல் இறுக்குகிறது. 2000-ல் ஜூரிக்கில் மாற்று இதயம் பொருத்தியிருந்த இருவர் அதைச் சாப்பிட, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் இறங்கிப்போய், உடல் புதிய இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. மஞ்சளும் விதிவிலக்கல்ல. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரைப் பற்றி 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள், ஒருவர் இறந்தார், அவர்கள் உண்ட புட்டிகள் சிலவற்றில் பைப்பரினும் இருந்தது. சமையலில் போடும் மஞ்சள்தூளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடல் ஆயிரமாண்டுகளாக ஏற்காமல் தள்ளிவந்த ஒன்றைக் கதவை உடைத்து உள்ளே தள்ளியதன் விளைவாக இது இருக்கலாம்.

ஆகவே சேர்க்கையின் வல்லமை உறுப்பிலா கூட்டிலா என்ற பழைய வழக்குக்கு, உறிஞ்சப்படுதல் என்ற இந்தச் சிறு துறையைப் பொறுத்தவரை, ஒரு தீர்ப்பு சொல்ல முடியும். நோயைத் தொடுவது மருந்துப்பொருளே. துணைச்சரக்கு அதற்கு எதையும் கூட்டுவதில்லை. உடலின் தடையோடுதான் அதன் வியாபாரம். அந்தத் தடை உடலுக்கு உடல் மாறுவதால், ஒருவருக்கு இதமான கூட்டு இன்னொருவருக்கு மிகையாகிறது. வள்ளுவர் நோயாளியை மருந்தின் நான்கு பகுதிகளில் முதலாவதாக வைத்தது இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆங்கில மருத்துவமும் சித்த மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையில் ஒரு வரிசையில் நின்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவரே அடுத்த வரிசையில் நின்று சூரணமும் வாங்குகிறார். இரண்டு சீட்டுகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பவர் பெரும்பாலும் நோயாளி மட்டும்தான். எனவே வலிப்பு, ஆஸ்துமா, காசநோய், இதயநோய், உறுப்பு மாற்று ஆகியவற்றுக்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள், திரிகடுகோ திப்பிலி லேகியமோ மஞ்சள் மாத்திரையோ தொடங்கும் முன் இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டுகளையும் காட்டிவிட வேண்டும்.